கடிகாரத்தின் கரு நம்மிடம் இருக்கிறது

அச்சங்குளம், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்து ஆட்களுக்கு உப்பிலிருந்து வெளிச்சம் எடுப்பது எப்படி என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஸ்ட்ரான்ஷியம் போட்டால் சிவப்பு, பேரியம் போட்டால் பச்சை என்பது இங்கே ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். 2024-ல் ஜெர்மனி, ஆஸ்திரியா, அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இந்த உப்பு வெளிச்ச வேலையில் ஒரு படி உள்ளே போய்விட்டார்கள். அணுவின் வெளிவட்டத்தில் சுற்றும் எலக்ட்ரானை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் அணுக்கருவையே லேசரால் தட்டி எழுப்பினார்கள். அது திருப்பித் தந்த ஒளியையும் பார்த்துவிட்டார்கள். அந்த அணுக்கரு தோரியத்தினுடையது. அதைப் பிடித்து வைத்திருந்தது ஒரு சின்னப் படிகம். அதை வைத்துச் செய்யப் போவது கடிகாரம்.

இந்தக் கடிகார வேலையில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை நாம் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி. ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். முப்பத்தைந்து வருஷம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் மத்தாப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். மத்தாப்பு எரியும்போது சூட்டினால் உப்பின் எலக்ட்ரான்கள் ஒரு படி மேலே ஏறுகின்றன. கீழே இறங்கும்போது, ஏறிய உயரத்துக்குத் தக்க நிறத்தில் ஒளியை விடுகின்றன. இந்த உயரத்தை எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் சொல்வார்கள். சிவப்புக்கு ஏறக்குறைய 2, பச்சைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் எலக்ட்ரான் என்பது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. தெருவில் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கும். கலவையில் பி.வி.சி. பவுடர் குறைந்தால் சிவப்பு வெளுத்துவிடும், சூடு அதிகமானால் நிறம் செத்துவிடும் என்று பேன்சி ரகம் செய்கிற போர்மேன்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுற்றுப்புறம் மாறினால் எலக்ட்ரானின் ஒளியும் மாறும். அணுக்கருவோ உள்ளறையில் பூட்டி வைத்த பெட்டி. அணுவின் அகலத்தில் அது பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். வெளியே நடக்கும் சந்தடி அதை அவ்வளவாக எட்டாது. துல்லியமான கடிகாரம் செய்ய வேண்டுமானால் திண்ணை ஆளைவிட உள்ளறைப் பெட்டியே மேல்.

அப்படியானால் இத்தனை நாள் ஏன் செய்யவில்லை? அணுக்கருவைத் தட்டி எழுப்புவதற்குச் சாதாரணமாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆய்வக மேசையில் வைக்கிற லேசருக்கு அந்த வலு கிடையாது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கரு வகைகள் இதுவரை தெரியவந்திருக்கின்றன. அவற்றில் லேசருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, தோரியம்-229. அதன் இரண்டு நிலைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் வெறும் 8.4 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு பெரிய மில்களின் வரவு செலவு கோடிக்கணக்கில் ஓடி, வருஷக் கடைசியில் இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் எட்டு ரூபாய் நாற்பது காசு என்று வந்தால் எப்படியிருக்கும்? அப்படி ஒரு தற்செயல். மேலே ஏறிய அந்த நிலைக்கு ஐசோமர் என்று பெயர்.

இதைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆயிற்று. 1976-ல் அமெரிக்காவில் க்ரோகர், ரைக் என்ற இருவர் தோரியம்-229-ல் அடிமட்டத்துக்கு மிக அருகே இன்னொரு நிலை இருக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு அருகே என்று தெரியவில்லை. 1994-ல் 3.5 எலக்ட்ரான் வோல்ட் என்று கணக்கு வந்தது. பலரும் அந்த அளவை நம்பி ஒளியைத் தேடினார்கள், அகப்படவில்லை. 2007-ல் கணக்கு 7.6-க்கு ஏறியது. தேடிய இடமே வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. இதற்கு நடுவில் 2003-லேயே ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பைக், டாம் இருவரும் இதை வைத்துக் கடிகாரம் செய்யலாம் என்று எழுதிவிட்டார்கள். கையில் பொருள் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வரைபடம் போட்ட மாதிரி.

2016-ல் மியூனிக் நகரத்துக் குழு அந்த நிலை உண்மையிலேயே இருக்கிறது என்று நேரடியாகக் காட்டியது. 2023-ல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் படிகத்துக்குள் இருந்த அணுக்கருக்கள் விட்ட ஒளியை முதல் முறையாகப் பதிவு செய்தார்கள். 2024 ஏப்ரலில் ஜெர்மனியும் வியன்னாவும் சேர்ந்து லேசரால் தட்டி எழுப்பியதை வெளியிட்டார்கள். அதே வருஷம் கலிபோர்னியாவில் இன்னொரு குழு வேறொரு படிகத்தில் அதைச் செய்தது. செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜுன் யே என்பவரின் குழு அந்த ஒளியின் அதிர்வெண்ணைக் கடைசி இலக்கம் வரை அளந்து சொன்னது. நொடிக்கு ஏறத்தாழ 2,020 லட்சம் கோடி அதிர்வுகள். இன்று உலகம் நொடியை அளக்க வைத்திருக்கிற சீசியம் அணுவின் அதிர்வு நொடிக்கு 919 கோடி. இரண்டு லட்சம் மடங்கு நுணுக்கமான பல் உள்ள சக்கரம் கிடைத்த மாதிரி.

கலிபோர்னியாக் குழு பயன்படுத்திய படிகத்தின் பெயரைக் கேளுங்கள். லித்தியம் ஸ்ட்ரான்ஷியம் அலுமினியம் ஃபுளூரைடு. லித்தியத்தையும் ஃபுளூரைடையும் விடுங்கள், மற்ற இரண்டும் நம் ஊர் கலவை அறைக்கு அன்றாடம் பழகின பெயர்கள். கொலராடோவில் தோரியத்தின் ஒளியை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கடிகாரமும் ஸ்ட்ரான்ஷியம் கடிகாரம்தான். சிவப்பு மத்தாப்புக்கு நாம் மூட்டையாக வாங்குகிற சரக்கு, அங்கே உலகத்தின் மிகத் துல்லியமான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

படிகம் எதற்கு என்று கேட்பீர்கள். தோரியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 6.3 எலக்ட்ரான் வோல்ட் போதும். கருவிடம் இருப்பது 8.4. எனவே அணுவைத் தனியாக விட்டால், கரு ஒளியாக விட வேண்டியதை வெளியே உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரான் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடிவிடும். கண் இமைப்பதற்குள் கதை முடிந்துவிடும். கால்சியம் ஃபுளூரைடு படிகத்துக்குள் தோரியத்தைக் குடியேற்றினால், அது கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு தன் நான்கு வெளி எலக்ட்ரான்களையும் ஃபுளூரினுக்குக் கொடுத்துவிடுகிறது. பிறகு பறிக்க ஆள் இல்லை. கருவின் ஒளி முழுதாக வெளியே வருகிறது. அந்த ஒளி 148 நானோமீட்டர் புற ஊதா. நம் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குள் அது நுழையாது, காற்றே அதை விழுங்கிவிடும். ஃபுளூரைடு படிகம் மட்டும் அதற்கு வழி விடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம். நாம் திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடி வருவதற்குச் சில நொடிதான் அவகாசம். கால்சியம் ஃபுளூரைடு படிகத்துக்குள் இருக்கும் இந்தக் கருவைத் தட்டிவிட்டால், அது சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒளியை உள்ளேயே வைத்திருந்துவிட்டுத்தான் வெளியே விடுகிறது. கடிகாரத்துக்கு இந்தக் காத்திருப்புதான் உயிர். தகர டப்பாவைத் தட்டினால் 'டப்'பென்று அடங்கிவிடும், அதில் சுருதி பார்க்க முடியாது. கோயில் மணி நீண்டு ஒலிப்பதால்தான் அதன் சுருதி காதுக்குப் பிடிபடுகிறது.

மிகைப்படுத்தவும் கூடாது. அணுக்கருக் கடிகாரம் இன்னும் முழுசாக வரவில்லை. இன்றைய ஸ்ட்ரான்ஷியம் கடிகாரங்கள் பிரபஞ்சத்தின் வயதைவிட அதிக காலம் ஓடினாலும் ஒரு நொடி பிசகாதவை. அந்த இடத்தைத் தோரியம் இன்னும் எட்டவில்லை. ஆனால் ஸ்ட்ரான்ஷியம் கடிகாரம் ஓர் அறை முழுக்கக் கருவிகளும் குளிரூட்டின அணுக்களும் கேட்கிறது. தோரியம் கடிகாரத்தின் இதயம் ஒரு கல் துண்டு. சூடு ஏறி இறங்கினால் படிகம் விரிந்து சுருங்கி அதிர்வு கொஞ்சம் நகரும். அதிலும் ஒரு கோடு மற்றவற்றைவிட மிகக் குறைவாகவே நகர்கிறது என்று 2025-ல் வெளியான அளவீடு காட்டியது. செயற்கைக்கோளில், கப்பலில் எடுத்துப் போகக்கூடிய கடிகாரமாக இது ஒரு நாள் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

கடிகாரம் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? சென்னைக்காரர்களுக்கே மறந்துபோன ஒரு விஷயம் சொல்கிறேன். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் கட்டினார்கள். அங்கே நட்சத்திரம் பார்த்துக் கணித்த நேரம்தான் 'மதராஸ் டைம்'. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரம் இருந்தும், இந்திய ரயில்வே வெகுகாலம் மதராஸ் நேரத்தை வைத்துத்தான் ஓடியது. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய நேரம் வந்தது. ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கே மணி சொன்ன ஊர் நம்முடையது.

இப்போது 2016-க்கு வாருங்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.ஸை நம்பி இருக்கக்கூடாது என்று இஸ்ரோ சொந்தமாக வழிகாட்டிச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. 2013-ல் முதலாவதாகப் போன செயற்கைக்கோளில் மூன்று ருபிடியம் கடிகாரங்கள், மூன்றும் வெளிநாட்டில் வாங்கியவை. 2016-ல் அவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. செயற்கைக்கோள் வானத்தில் நன்றாக இருக்கிறது, கடிகாரம் இல்லாததால் வழிகாட்ட முடியவில்லை. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியதும் வெப்பக்கவசம் திறக்காமல் வீணாயிற்று. 2018-ல்தான் மாற்று போய்ச் சேர்ந்தது. நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் 2023 மே 29-ல் ஏவிய செயற்கைக்கோளில்தான் முதலில் போனது. கடன் வாங்கிய கடிகாரத்தின் விலை இது. அடுத்த தலைமுறைக் கடிகாரத்துக்கும் இதே மாதிரி கையேந்தப் போகிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் இந்த முறை மூலப்பொருள் நம் பக்கத்தில் இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் இருக்கும். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வெள்ளைப் பை போன்ற மேண்டிலில் இருந்தது தோரியம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கயிற்று நாரோடு ஒட்டி வந்த மணலைத் தொடர்ந்து வந்து, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மோனசைட் மணலைக் கண்டார். மேண்டில் செய்யத்தான் அன்றைக்கு அந்த மணலுக்கு அப்படி ஒரு கிராக்கி. தோரியம் நம் ஊர்த் தெருவில் ஏற்கெனவே வெளிச்சம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

ஆனால் மணலில் இருப்பது தோரியம்-232. கடிகாரத்துக்கு வேண்டியது தோரியம்-229. அது மண்ணில் கிடைக்காது. யுரேனியம்-233 தானாகச் சிதைந்துதான் அது பிறக்க வேண்டும். யுரேனியம்-233-ம் மண்ணில் கிடைக்காது, தோரியம்-232-ஐ அணு உலையில் வைத்துச் செய்ய வேண்டும். உலகத்தில் இதைச் செய்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகள். அதில் இந்தியா ஒன்று. ஹோமி பாபா காலத்திலேயே போட்ட தோரியத் திட்டத்தின் பலன். 1996 அக்டோபரில் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய 'காமினி' என்ற சின்ன ஆய்வு உலைக்கு எரிபொருளே யுரேனியம்-233தான். ஏறக்குறைய 600 கிராம்.

ஒரு கணக்குப் போடுவோம். யுரேனியம்-233-ன் அரை ஆயுள் ஒரு லட்சத்து 59 ஆயிரம் வருஷம். அதாவது ஒரு கிலோ வைத்திருந்தால் வருஷத்துக்கு 4 மில்லிகிராம் அளவுக்குத் தோரியம்-229 தானாக ஊறும். நாலு மில்லிகிராமா என்று சிரிக்காதீர்கள். 2024 டிசம்பரில் கொலராடோக் குழு படிகத்துக்குப் பதிலாகத் தோரியம் ஃபுளூரைடை மெல்லிய படலமாகப் பூசி வேலையை முடித்தது. அதற்குத் தேவைப்பட்டது மைக்ரோகிராம் அளவு. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோவிலிருந்து ஒரு வருஷத்தில் ஊறுவதை வைத்துப் பல ஆய்வகங்களுக்குப் பங்கு வைக்கலாம். ஓடுகிற உலையைப் பிரிக்கச் சொல்லவில்லை. பிரித்து வைத்த இருப்பும், மறுசுத்திகரிப்பில் வருவதும் இருக்கின்றனவே, அதில் ஊறுவதைக் கழிவோடு கழிவாக விடாதீர்கள் என்கிறேன்.

இதே தோரியம்-229-க்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அது சிதையும்போது வழியில் ஆக்டினியம்-225 வருகிறது. புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் போய் அழிக்கிற சிகிச்சைக்கு உலகம் முழுக்க அதைக் கேட்கிறார்கள், கிடைப்பதோ சொற்பம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் பழைய யுரேனியம்-233 இருப்பை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்த பிறகு, அதிலிருந்து தோரியம்-229-ஐ முதலில் எடுத்துக்கொண்டு பிறகு ஒழிக்கலாம் என்று மாற்றிக்கொண்டதும் இந்தப் புற்றுநோய் மருந்துக்காகத்தான். பசுவை விற்கிறவன்கூடக் கடைசியாக ஒரு தடவை பால் கறந்துகொள்வான்.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. யுரேனியம்-233-ஓடு கொஞ்சம் யுரேனியம்-232 கலந்தே வரும். அதன் வாரிசுகள் கடுமையான காமா கதிர் விடும். அதிலிருந்து வரும் தோரியம்-228-ஐ ரசாயன முறையில் தோரியம்-229-லிருந்து பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒரே தனிமம். ஆனால் தோரியம்-228-ன் அரை ஆயுள் இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. யுரேனியத்திலிருந்து பிரித்து எடுத்து வைத்துவிட்டு இருபது வருஷம் பொறுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தோரியம்-229-க்கு அரை ஆயுள் ஏறக்குறைய 7,900 வருஷம், அது அப்படியே இருக்கும். ஆக, பொறுமையாகக் காத்திருக்கிறவனுக்குத்தான் சுத்தமான சரக்கு. அதனாலேயே இன்று ஆரம்பிக்க வேண்டும். தென்னம்பிள்ளை வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் பேரன் காலத்திலும் இளநீர் கிடைக்காது.

அடுத்தது படிகம். இங்கேதான் தமிழ்நாட்டுக்குச் சொந்தமான திறமை இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராமசாமி முன்னின்று உருவாக்கிய படிக வளர்ச்சி மையம் நாற்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கிருந்து பரவி, மதுரை, விருதுநகர், நெல்லை என்று தென்மாவட்டத்துக் கல்லூரிகளிலெல்லாம் படிகம் வளர்ப்பது இயற்பியல் துறையின் குடிசைத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் படித்த பையன் ஒருவன் எம்.பில். ஆய்வுக்காகப் பீக்கரில் கரைசலை வைத்து, மேலே துளை போட்ட தாளை மூடி, நாற்பது நாள் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் போய் வெப்பநிலைத் தொட்டி நின்றால் படிகம் கலங்கிவிடும். இரண்டு தடவை கலங்கியது. மூன்றாவது தடவை கண்ணாடி போல வந்தது. அதை வைத்து ஒரு கட்டுரை, ஒரு பட்டம். படிகம் அந்தக் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. பையன் இப்போது ஒரு காகித ஆலையில் கணக்குப் பார்க்கிறான்.

அவனைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கையில் இந்தப் பொறுமை இருக்கிறது. அந்தப் பொறுமைக்குத் தகுந்த ஒரு காரியத்தை நாம் கொடுக்கவில்லை. இதுதான் என் ஆதங்கம்.

பீக்கரில் செய்கிற வேலை இல்லை இது, ஒத்துக்கொள்கிறேன். கால்சியம் ஃபுளூரைடு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும், வெற்றிட உலை வேண்டும், ஒரு துளி ஈரம் சேர்ந்தாலும் புற ஊதா உள்ளே போகாது. ஆனால் வியன்னாவைப் பாருங்கள். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ஷும் என்பவரின் குழு சில மில்லிமீட்டர் அளவுப் படிகத்தை வளர்க்க வருஷக்கணக்கில் மெனக்கெட்டது. தோரியம்-229 கிடைப்பதற்கு அரிது என்பதால் சாதாரண தோரியம்-232-ஐ வைத்துப் பழகினார்கள். ரசாயனத்துக்கு இரண்டும் ஒன்றுதானே. கடைசியில் என்ன ஆயிற்று? ஜெர்மனி லேசரில் ஜெயித்ததும் வியன்னாப் படிகத்தில். கொலராடோ அளந்ததும் வியன்னாப் படிகத்தில். படிகம் கொடுத்தவருக்கு இரண்டு பந்தியிலும் இலை விழுந்தது. பெரிய லேசர் இல்லாத நாட்டுக்கும் இதில் நுழைய ஒரு வாசல் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பழகுவதற்கு வேண்டிய தோரியம்-232 நம் கடற்கரையில் கிடக்கிறது.

எதிர்ப்பேச்சு வரும் என்று தெரியும். கதிரியக்கம் என்ற பேச்சை எடுத்தாலே பயம் வருகிறது என்பார்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி எங்கள் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆபத்தான பொருளைப் பற்றிக் காகிதத்தில் இருக்கும் விதி ஒன்று, அறைக்குள் நடப்பது ஒன்று என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் அளவைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இதற்காகக் கடற்கரையில் புதிதாக ஒரு கூடை மணல்கூட அள்ள வேண்டாம். மணவாளக்குறிச்சி மீனவர்கள் மணல் எடுப்பதை எதிர்த்துக் கேட்கிற கேள்விகளுக்கு அரசு தனியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும், கடிகாரத்தைக் காட்டி அதை மூடக்கூடாது. இங்கே கேட்பது ஏற்கெனவே எடுத்து, ஏற்கெனவே எரித்து, ஏற்கெனவே பூட்டி வைத்திருப்பதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு. படலமாகப் பூசுகிற முறையில் படிகத்தைவிடக் கதிரியக்கம் ஆயிரம் மடங்கு குறைகிறது. உரிமம், பயிற்சி, கணக்கு எல்லாம் கறாராக இருக்கட்டும். ஒரு கிராமமும் விலை கொடுக்கத் தேவையில்லாத ஆராய்ச்சி இது.

ஏழை நாட்டுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்றும் கேட்பார்கள். பட்டாசுத் தொழில் படுகிற பாட்டைப் பாருங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டதிலிருந்து பாதி ரகங்களுக்கு மாற்று தேடி அலைகிறோம். ரசாயனம் தெரிந்த ஆய்வகம் ஒன்று நம் மாவட்டத்திலேயே இருந்திருந்தால் அந்தத் தேடலுக்கும் உதவியிருக்கும். கைவேலையில் இந்த மாவட்டத்தை மிஞ்ச ஆள் கிடையாது. தீப்பெட்டி, அச்சு, பட்டாசு மூன்றையும் வானம் பார்த்த பூமியில் கட்டி எழுப்பினவர்கள் நம் முன்னோர். அந்தக் கை அடுத்த ஐம்பது வருஷமும் திரி கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, அணுசக்தித் துறை தன்னிடம் உள்ள யுரேனியம்-233-ல் ஊறும் தோரியம்-229-ஐ முறையாகப் பிரித்து, சொத்தாகக் கணக்கில் எழுதி வைக்கட்டும். இரண்டு, அண்ணா பல்கலைக்கழகப் படிக மையமும் கல்பாக்கமும் சேர்ந்து ஃபுளூரைடு படிகம் வளர்க்கிற ஓர் உலையைத் தொடங்கட்டும். முதல் சில வருஷம் தோரியம்-232-ஐ வைத்துப் பழகட்டும். லேசருக்கு இந்தூரில் ராஜா ராமண்ணா மையம் இருக்கிறது, நேரத்துக்கு டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது, அவர்களோடு கை கோக்கட்டும். மூன்று, அந்த உலைக்கு ஆள் எடுக்கும்போது பீக்கரில் படிகம் வளர்த்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளை முதலில் கூப்பிடட்டும்.

இதைப் படிப்பவர்களில் கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் உண்டு, ஓய்வு பெற்ற அதிகாரிகள் உண்டு, எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் நேரில் பேசக்கூடிய செல்வாக்கு உள்ளவர்களும் உண்டு. உங்களிடம் பேரப்பிள்ளை யாராவது இயற்பியல் படிக்கலாமா என்று யோசனை கேட்டால், அதில் என்ன வேலை கிடைக்கும் என்று வாயை அடைத்துவிடாதீர்கள். தோரியம்-229 என்ற பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மிச்சத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள்.